குவெஸ்ட் 3-ல் டிசிஎஸ்: சிரியா மேப்பில் ஒரே திணறல். கார்டு மாற்றணுமா?

காட்பாடி_விங்மேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி காந்தி நகர். மானிட்டரில் டிசிஎஸ் போர்விமான சிமுலேட்டரை ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் வாங்கினேன். எஃப்-16 காக்பிட்டில் உட்கார்ந்து, தோளுக்கு மேல் திரும்பி என் வண்டியின் வாலையே பார்த்த பிறகு, இனி மானிட்டர் பக்கம் போவதாக இல்லை. ஆனால் ஓட்டம்தான் சகிக்கவில்லை.

சிஸ்டம் இது: சிபியு ரைசன் 5 5600, கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஆர்டிஎக்ஸ் 3070 8 ஜிபி, ரேம் 16 ஜிபி, என்விஎம்இ எஸ்எஸ்டி. ஹெட்செட்டை லிங்க் கேபிளில் இணைத்திருக்கிறேன், 72 ஹெர்ட்ஸ். மானிட்டரில் 1080பி, எல்லாம் ஹை, 90 எஃப்பிஎஸ்-க்கு (நொடிக்கு இத்தனை ஃப்ரேம்) மேல் போகும். ஹெட்செட்டில் காகசஸ் மேப்பில் தனியாகப் பறந்தால் 45, 50. சிரியா மேப் மல்டிபிளேயரில் நுழைந்தால் 25-க்கு விழுகிறது. அதைவிட மோசம், அடிக்கடி படம் அப்படியே உறைந்து நின்று பிறகு நகர்கிறது. ஃபைனல் அப்ரோச்சில் தலை சுற்றி, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டால் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

சத்துவாச்சாரி_சுகோய்

தம்பி, கார்டு விற்கிற கடையில் கேட்டால் கார்டுதான் பதில். கொஞ்சம் பொறுங்கள்.

மானிட்டரில் 90 வந்தது என்பதை மறந்துவிடுங்கள். 1080பி என்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். 4கே மானிட்டரே 83 லட்சம்தான். லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட இதைவிடப் பெரிதாகவே படம் வரைய வேண்டியிருக்கும். அதையும் இரண்டு கோணத்தில், தலை அசைய அசைய. இரண்டும் வேறு வேறு வேலை.

அடுத்தது, எஃப்பிஎஸ் சராசரியைப் பார்க்காதீர்கள். 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 13.9 மில்லிசெகண்ட். 90 ஹெர்ட்ஸ் என்றால் 11.1. 14.5-ல் முடித்தால் 'கொஞ்சம்தானே லேட்' என்று ஹெட்செட் காத்திருக்காது. காட்பாடியில் ஒரு நிமிடம் பிந்தி பிளாட்ஃபாரத்துக்கு ஓடினால் டபுள் டெக்கர் போயிருக்கும், அடுத்த வண்டிக்குத்தான் நிற்க வேண்டும், அதே கதை. பழைய ஃப்ரேமையே மறுபடி காட்டும், உங்கள் கண்ணுக்கு அது நடுக்கமாகத் தெரியும். ஆகவே 60-க்கும் 40-க்கும் நடுவே குதிக்கிற ஓட்டத்தைவிட ஒரே சீராக ஓடுகிற 36 எவ்வளவோ மேல்.

இப்போது யார் லேட் பண்ணுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். செட்டிங்கில் கை வைக்கவே வேண்டாம். காக்பிட்டில் இருக்கும்போது வலது கன்ட்ரோல் + பாஸ் அழுத்துங்கள், டிசிஎஸ்ஸின் சொந்த கவுன்ட்டர் வரும். சிபியு பவுண்டா, ஜிபியு பவுண்டா (அதாவது எது நெருக்கடி), சிபியு என்றால் விளையாட்டைக் கணக்கிடுகிற மெயின் த்ரெட்டா, படம் வரைய அனுப்புகிற ரெண்டரிங் த்ரெட்டா என்று அதுவே சொல்லும். ஹெட்செட் ஃப்ரேமுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சில சமயம் சிபியு கணக்கில் எழுதிவிடும், அதனால் ஒரு குறுக்கு சோதனையும் செய்யுங்கள். ரெண்டர் ரெசல்யூஷனைப் பாதியாக இறக்கிவிட்டு, அதே மிஷன், அதே இடம், அதே உயரத்தில் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் நெருக்கடி. ஏறவே இல்லை என்றால் 5070 என்ன, 5090 போட்டாலும் அங்கேயே நிற்கும்.

கூடவே டாஸ்க் மேனேஜரில் ரேம் எவ்வளவு, ஜிபியு பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஆம்பூர்_ஆஃப்டர்பர்னர்

சுகோய் அண்ணன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார், எல்லாரும் நோட்டை எடுங்கப்பா.

காட்பாடி_விங்மேன்

அண்ணா, பார்த்துவிட்டேன்.

காகசஸ், தனியாக: ஜிபியு பவுண்ட். ரெசல்யூஷனைப் பாதியாக்கியதும் 72-ஐத் தொட்டு அப்படியே நின்றது.

சிரியா மல்டிபிளேயர்: மெயின் த்ரெட் என்று காட்டுகிறது. ரெசல்யூஷன் பாதியானதும் 25 போய் 31 ஆனது, அவ்வளவுதான். ரேம் 15.6 ஜிபி, அதாவது நிரம்பி வழிகிறது. ஷேர்டு ஜிபியு மெமரி 3 ஜிபிக்கு மேல். படம் உறையும் ஒவ்வொரு தரமும் எஸ்எஸ்டி வரைபடம் உச்சிக்குப் போகிறது.

ராஜாளி_நிழல்

உறைந்து நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதே. கார்டின் சொந்த மெமரியான 8 ஜிபி விரேம் நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்ச்சர் எல்லாம் ரேமுக்கு வந்து ஒதுங்குகிறது. ரேமிலும் இடம் இல்லை, ஆகவே எஸ்எஸ்டியில் ரேமுக்கு மாற்றாக இருக்கும் பேஜ்ஃபைல். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமாக இருந்தாலும் 13.9 மில்லிசெகண்டுக்குள் அந்தப் போக்குவரத்து முடியாது.

முதல் செலவு ரேம். 32 ஜிபி போடுங்கள், பெரிய மேப், பெரிய சர்வர்தான் வாழ்க்கை என்றால் 64. இருக்கிற 8 + 8 குச்சியோடு புதிதாக வேறு எதையோ கலந்து செருகாமல் ஒரே ஜோடியாக வாங்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊரில் அசெம்பிள் பண்ணிய சிஸ்டத்தில் பாதிக்கு மேல் 3200 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேஜ்ஃபைலை எடுத்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இருக்கட்டும்.

விரேமுக்கு: 'டெரெய்ன் டெக்ஸ்ச்சர்ஸ்' லோ. இது ஒன்றே பெரிய இடத்தைக் காலி பண்ணும். 20,000 அடியில் தரை லோவா ஹையா என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பொதுவான 'டெக்ஸ்ச்சர்ஸ்' ஹையிலேயே இருக்கட்டும், முடியாவிட்டால் மீடியம். அதை இறக்கினால் காக்பிட் சுவிட்ச் மேல் இருக்கும் எழுத்து மங்கிவிடும். ஹெட்செட்டில் எழுத்து தெரியாவிட்டால் விளையாட்டே இல்லை.

பாகாயம்_பைலட்

ராஜாளி அண்ணா, அந்தப் பெயர் அரக்கோணத்து ஐஎன்எஸ் ராஜாளிதானே?

ராஜாளி_நிழல்

ஆமாம். கடலே இல்லாத ஊரில் கடற்படைத் தளம், 1992-ல் இருந்து. பி-8ஐ விமானம் தலைக்கு மேல் போகும்போது ஹெட்செட்டில் இருந்தால் சத்தம் வெளியே இருந்தா உள்ளே இருந்தா என்று குழம்பிவிடும். சரி, இழையை விட்டு விலக வேண்டாம்.

சத்துவாச்சாரி_சுகோய்

சரி, காகசஸில் கார்டு நெருக்கடிக்கு வருவோம். அங்கே செட்டிங் போதும், பணம் வேண்டாம்.

ரெசல்யூஷனை ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள். லிங்க் ஆப்பில் ஒரு பெருக்கல், டிசிஎஸ்ஸில் பிக்சல் டென்சிட்டி இன்னொரு பெருக்கல் என்று வைத்தால் எது எதைத் தின்கிறது என்றே தெரியாது. பிக்சல் டென்சிட்டி 1.0-ல் நிற்கட்டும். 1.2 என்பது பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் நீளம் அகலம் இரண்டிலும் பெருகுவதால் வேலை 1.44 மடங்கு.

அப்புறம் நிழல். அதுதான் பெரிய தின்னி. ஷேடோஸ் லோ அல்லது மீடியம், தரைப் பொருட்களின் நிழல் ஃபிளாட். நிழலை முழுக்க அணைக்காதீர்கள், காக்பிட் பொம்மை மாதிரி ஆகிவிடும். நிழல், பிரதிபலிப்பு மெருகூட்டும் எஸ்எஸ்ஏஓ, எஸ்எஸ்எல்ஆர் இரண்டும் ஆஃப். மேகம் ஸ்டாண்டர்டு. அல்ட்ரா மேகம் மானிட்டரில் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்களுக்கு. சிவில் டிராஃபிக் ஆஃப், புல் பூண்டு பூஜ்யம், காட்டின் தூரத்தைக் குறையுங்கள்.

காக்பிட் டிஸ்ப்ளே ரெசல்யூஷனில் 'எவ்ரி ஃப்ரேம்' என்று முடிகிற எதையும் எடுக்காதீர்கள், சாதாரண 512 அல்லது 1024 போதும். பின்பார்வைக் கண்ணாடியை அணையுங்கள். அது வெறும் கண்ணாடி இல்லை, வெளி உலகத்தை இன்னொரு தரம் வரைகிற கேமரா.

டிரைவர் அப்டேட் பண்ணிய பிறகு திணறல் புதிதாக வந்தால், சேவ்டு கேம்ஸ் ஃபோல்டரில் டிசிஎஸ்ஸுக்குள் இருக்கும் எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 என்ற ஷேடர் சேமிப்பு ஃபோல்டர் இரண்டையும் அழித்துவிட்டு ஒரு தரம் ஏற்றுங்கள். அந்த முதல் தரம் மட்டும் ஏற நேரமாகும்.

குடியாத்தம்_குருவி

எல்லாம் ஜெட் காரர்களின் அறிவுரையாகவே இருக்கிறதே. நான் மி-24, மி-8 ஹெலிகாப்டர் மட்டும் ஓட்டுபவன், என் தலைவலி வேறு. சீரான 36 மேல் என்று சுகோய் சொன்னார். 72 ஹெர்ட்ஸில் லிங்க்கின் ஏஎஸ்டபிள்யூ வசதியைப் போட்டால் கேம் 36 ஃப்ரேம் வரையும், நடுவில் உள்ளதை அதுவே கற்பனை பண்ணி நிரப்பும். நேர்க்கோட்டில் பறக்கிற எஃப்-16-க்கு அது சரி. என் முகத்துக்கு முன்னால் ரோட்டர் சுற்றுகிறது. அந்தக் கற்பனைக்கு ரோட்டர் இலையும் பின்னால் இருக்கும் மலையும் எது எது என்று பிரிக்கத் தெரியாது. இலை போகிற வழியெல்லாம் மலை நெளிகிறது, ஹோவரில் தரையைப் பார்த்தால் ஜெல்லி. எனக்கு ஏஎஸ்டபிள்யூ வேண்டவே வேண்டாம். ரெசல்யூஷனைக் குறைத்தாவது உண்மையான 72-ஐப் பிடிப்பேன்.

சத்துவாச்சாரி_சுகோய்

ஹெலிகாப்டருக்கு நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அவருடைய சிரியா சர்வரில் உண்மையான 72 கனவிலும் வராது, மெயின் த்ரெட் விடாது. 25-க்கும் 40-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட ஏஎஸ்டபிள்யூ போட்டுப் பூட்டிய 36 வயிற்றைக் காப்பாற்றும். நெருங்கிய சண்டையில் எதிரி குறுக்கே பாயும்போது பின்னால் ஒரு ஆவி தெரியும், ஹட் (விமானியின் கண்ணுக்கு நேரே தெரியும் திரை) எண்கள் லேசாக ஆடும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

லிங்க்கில் விசைப்பலகையிலேயே மாற்றலாம் தம்பி. கன்ட்ரோல் + நம்பேட் 1 அழுத்தினால் ஆஃப், 3 அழுத்தினால் பாதி வேகத்தில் பூட்டி ஏஎஸ்டபிள்யூ ஆன், 4 அழுத்தினால் ஆட்டோ. ஆட்டோதான் வில்லன். அது தானாக உள்ளே வெளியே போய் வரும்போதுதான் அதிகம் குமட்டும். 1 அல்லது 3, ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருங்கள்.

குடியாத்தம்_குருவி

ஆட்டோ வில்லன் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. மற்றதில் நான் மாறுவதாக இல்லை.

பாகாயம்_பைலட்

ஒரு சந்தேகம். நான் காலேஜ் ஹாஸ்டல். கேபிள் வேண்டாம், வர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப்பில் வயர்லெஸ் நல்லது என்கிறார்கள். ஹாஸ்டல் வைஃபை 5 ஜிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

ராஜாளி_நிழல்

பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பிரித்து வைத்திருப்பார்கள், அங்கே வேலைக்கு ஆகாது. உங்களுக்கென்று ஒரு சின்ன ரவுட்டர் வேண்டும். வைக்க விடுவார்களா என்று முதலில் வார்டனிடம் கேட்டுவிடுங்கள். இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் அறைக்குள்ளேயே ஓடுவது. கம்ப்யூட்டர் ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிளில் வர வேண்டும், 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹெட்செட் மட்டும் தனியாக, ரவுட்டர் அதே அறையில். கம்ப்யூட்டரும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்றால் ஒரே காற்றை இரண்டு தரம் பயன்படுத்துகிறீர்கள்.

அது அமைந்துவிட்டால் வர்ச்சுவல் டெஸ்க்டாப் அருமை. ரன்டைமில் அதன் சொந்த விடிஎக்ஸ்ஆர் தேர்ந்தெடுங்கள். டிசிஎஸ் ஓபன்எக்ஸ்ஆர் என்ற விஆர் பொதுத் தரத்தில் நேரடியாக ஓடும், நடுவில் ஸ்டீம்விஆர் என்று இன்னொரு மென்பொருள் எதற்கு? அதிலுள்ள பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே தனி வரப்பிரசாதம். கேம், என்கோடிங், நெட்வொர்க், டிகோடிங் என்று தாமதத்தைப் பிரித்துக் காட்டும். நெட்வொர்க் எண் குதிக்கும்போது கிராஃபிக்ஸ் செட்டிங்கைத் திருகிக்கொண்டிருக்கிற ஆட்கள்தான் இங்கே பாதிப்பேர்.

ஆம்பூர்_ஆஃப்டர்பர்னர்

என் கேஸைக் கொஞ்சம் பாருங்கள். கேமிங் லேப்டாப், 4060. காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் அதே மிஷன் அதே செட்டிங் பத்து நிமிடத்தில் சரிகிறது. மே மாதத்தில் தொடவே முடியவில்லை. நம்ம ஊர் வெயிலுக்கும் டிசிஎஸ்ஸுக்கும் ஆகாதோ?

சத்துவாச்சாரி_சுகோய்

வெயிலுக்கு யாரோடும் ஆகாது. வெளியே 41 என்றால் ஏசி இல்லாத மாடி அறை 37, 38-ல் நிற்கும். அறைச்சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். எல்லை வந்ததும் அதுவே கிளாக் வேகத்தை இறக்கிக்கொள்ளும். காலை, மதியம் வித்தியாசம் அதுதான்.

டெஸ்க்டாப் கார்டு என்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் இறங்குவது சொற்பம், சூடு இறங்குவது நிறைய. லேப்டாப்பில் அந்த வசதி பெரும்பாலும் பூட்டியிருக்கும். அடியில் காற்றுப் போக உயர்த்தி வையுங்கள், தூசியைத் தட்டுங்கள், 90 ஹெர்ட்ஸை விட்டு 72-க்கு வாருங்கள். வேலையே குறைந்தால் சூடும் குறையும்.

நேர் எதிரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். லென்ஸில் ஆவி படியாது, முகத்தில் காற்று படும் திசையை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உடம்புக்குத் தெரியும், குமட்டலும் குறையும். இந்தப் பட்டியலில் விலை குறைந்த பெர்ஃபார்மன்ஸ் அப்கிரேட் அதுதான்.

மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிற வீட்டுக்காரர்களே, கழற்றிய ஹெட்செட்டை லென்ஸ் வெளியே தெரிய மேஜையில் வைக்காதீர்கள். சாயங்கால வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையைப் பொசுக்கிவிடும். அது எந்த செட்டிங்காலும் திரும்பாது.

குடியாத்தம்_குருவி

கரண்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ யுபிஎஸ் வைத்துக்கொண்டு பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், அது தாங்குவது 360 வாட் போலத்தான். 3070-யும் சிபியுவும் விஆரில் முழு மூச்சில் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேலேயே போகும், கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் பின்னால் உள்ள சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா பாருங்கள். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பாகாயம்_பைலட்

டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) பற்றி யாருமே பேசவில்லையே? டிசிஎஸ் 2.9-ல் அது வந்த பிறகு எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று யூடியூபில் சொல்கிறார்களே. குவாட் வியூஸ் வேறு இருக்கிறது.

ராஜாளி_நிழல்

டிஎல்எஸ்எஸ் கார்டு சுமையைக் குறைக்கும், சிபியு சுமையைத் தொடாது. விங்மேனின் சிரியா பிரச்சினைக்கு அதனால் பத்துப் பைசா பிரயோஜனமில்லை. காகசஸில் உதவும். விலை என்னவென்றால், அசைகிற எண்களுக்குப் பின்னால் நிழல் ஒட்டிக்கொண்டு வரும், எம்எஃப்டி (காக்பிட் திரை) எழுத்து குழையும், தூரத்து விமானம் வானத்தில் கோடு இழுக்கும். தரைத்தாக்குதல் ஆட்களுக்குப் பரவாயில்லை. டாக்ஃபைட் ஆட்கள் எம்எஸ்ஏஏ (ஓரங்களின் பிசிறை நீக்கும் செட்டிங்) 2எக்ஸ் பக்கமே இருக்கலாம். 4எக்ஸ் வேண்டாம், ஹெட்செட்டில் அது கொள்ளை.

சத்துவாச்சாரி_சுகோய்

குவாட் வியூஸ் நடுப்பகுதியைக் கூர்மையாகவும் ஓரத்தை மங்கலாகவும் வரைவது. கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்த ஹெட்செட்டுக்குத்தான் அது வரம். குவெஸ்ட் ப்ரோ, பைமேக்ஸ் கிரிஸ்டல், வார்யோ ஏரோ இவற்றில் ஐ டிராக்கிங் உண்டு. குவெஸ்ட் 3-ல் இல்லை, ஆகவே கூர்மையான வட்டம் நடுவிலேயே நிற்கும். ஆறு மணித் திசையை, அதாவது நேர் பின்னால், திரும்பிப் பார்க்கும்போது கழுத்து ஒரு அளவுக்குத்தான் திரும்பும், மிச்சத்தைக் கண் ஓரத்தால்தான் பார்ப்போம். எதிரி இருக்கிற அந்த ஓரம்தான் மங்கல். தவிர, இரண்டு படத்துக்குப் பதில் நான்கு என்பதால் சிபியுவுக்கு வேலை கூடும். மெயின் த்ரெட்டில் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர் இதைத் தொட வேண்டாம்.

பழைய வீடியோ பார்த்து ஓபன்எக்ஸ்ஆர் டூல்கிட் போட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை எழுதியவர் பராமரிப்பதை நிறுத்திவிட்டார். காரணம் தெரியாமல் கேம் மூடிக்கொண்டால் முதலில் அதை அன்இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கள்.

காட்பாடி_விங்மேன்

எல்லாருக்கும் நன்றி. 32 ஜிபி ஜோடி வாங்கிப் போட்டாயிற்று, எக்ஸ்எம்பி ஆன். டெரெய்ன் டெக்ஸ்ச்சர் லோ, நிழல் லோ, கண்ணாடி ஆஃப், எம்எஸ்ஏஏ 2எக்ஸ், லிங்க் ரெசல்யூஷன் ஒரு படி கீழே. காகசஸில் இப்போது 72 அசையாமல் நிற்கிறது, ஜிபியு 12 மில்லிசெகண்ட் சுற்றி. சிரியாவில் படம் உறைவது அடியோடு போய்விட்டது. எஃப்பிஎஸ் 38 முதல் 45, அதனால் நம்பேட் 3 போட்டு 36-ல் பூட்டிவிட்டேன். முழு சார்ட்டீ (ஒரு போர்ப் பறப்பு) முடித்து, தலை சுற்றாமல் இறங்குகிறேன்.

ஒரு வேடிக்கை. மிக்-21 சண்டிகரில் ஓய்வு பெற்ற செப்டம்பர் 26-ஐ நினைத்து ஒரு சர்வரில் எல்லாரும் மிக்-21பிஸ் எடுத்துப் பறந்தோம். அதே சிரியா மேப், ஆனால் எஃப்-16-ஐவிட நன்றாக ஓடியது. ஏன்?

மிச்சம் ஒரே ஒரு குறை. எஃப்-16-ல் டார்கெட்டிங் பாட் (இலக்கைப் பார்க்கும் கேமரா) படத்தை எம்எஃப்டி-யில் திறந்தால் 36-ம் உடைகிறது. இதற்காவது 5070 வாங்கலாமா?

ராஜாளி_நிழல்

மிக்-21-ல் எம்எஃப்டி-யே கிடையாதே. ஊசி மீட்டர்கள், ஒரு ரேடார் ஸ்கோப், முடிந்தது. டிசிஎஸ்ஸில் அந்த விமானத்தின் மாட்யூலும் 2014-ல் வந்தது, டெக்ஸ்ச்சர் கனம் குறைவு. உங்கள் கேள்வி இரண்டுக்கும் ஒரே பதில்தான்: பாட் படம் என்பது இன்னொரு கேமரா. பின்பார்வைக் கண்ணாடியை அணைத்தீர்கள், ஆனால் பாட் திறக்கும்போது வெளி உலகத்தைத் திரும்ப வரையச் சொல்கிறீர்கள், சிபியுவுக்கும் சேர்த்து.

சத்துவாச்சாரி_சுகோய்

5070-க்கு இப்போது வேலையில்லை தம்பி, சிரியாவில் உங்கள் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. வாங்கியே தீருவது என்றால் சிபியு பக்கம் பாருங்கள். உங்கள் 5600-ல் எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி. அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி உட்கார்ந்தால் 96 எம்பி. டிசிஎஸ் மெயின் த்ரெட் விரும்பித் தின்பது அதைத்தான். போர்டும் ரேமும் மாற்ற வேண்டாம், பயாஸ் அப்டேட் மட்டும் முதலில். புதிது கிடைப்பது இப்போது கஷ்டம், பழையது வாங்கினால் பின் வளைந்திருக்கிறதா என்று கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அதுவரை பாட் தேவையில்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தை மூடி எச்எஸ்டி-யில் (வழி காட்டும் வரைபடப் பக்கம்) வைத்திருங்கள். இலக்குக்குப் போகும் வழியெல்லாம் அது திறந்தே இருக்க வேண்டிய அவசியமில்லை.

காட்பாடி_விங்மேன்

புரிந்தது அண்ணா. யாரிடமாவது 5700எக்ஸ்3டி விற்பனைக்கு இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், வேலூர், ராணிப்பேட்டை சுற்றி எங்கே என்றாலும் நேரில் வருகிறேன்.

ஆம்பூர்_ஆஃப்டர்பர்னர்

இந்தப் பக்கம் வந்தால் மதியத்துக்கு வாருங்கள், பிரியாணி என் கணக்கு. சிபியு என்னிடம் இல்லை.